எண்ணுவதற்கு முன் கொடுத்த ரசீது

திரு. தனபாலன் பொய் எழுதியிருக்கிறார். கம்பெனி வெளியிட்ட நினைவு மலரில், முப்பத்தோராம் பக்கத்தில், தன் படத்துக்கு நேர் கீழே எழுதியிருக்கிறார். படம் நன்றாக வந்திருக்கிறது.

அவர் எழுதியது இது: “பட்டர்வொர்த் யார்டில் நடந்த அந்த விபத்துக்கு, பட்டியலைப் பெற்றுக்கொண்ட கிராணி அதைச் சரிபார்க்காததும், சந்தேகம் வந்தபோது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காததுமே காரணம். அதன் பிறகுதான் மனிதரை நம்புவதைக் குறைத்துக்கொண்டு முறையை நம்பத் தொடங்கினோம்.”

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. கொள்கலன்கள் அடுக்கும் அந்த யார்டில் பட்டியலைப் பெற்றுக்கொள்ள இருந்தது ஒரே ஒரு கிராணி, அதாவது குமாஸ்தா. சரோஜா அக்கா. அங்கே வேலை செய்த எல்லாருக்கும் அது தெரியும். ஜெலுத்தோங்கில் அவர் குடியிருக்கும் ஃப்ளாட்டில் மேல்மாடிக்காரருக்கும் கீழ்மாடிக்காரருக்கும் தெரியும். அந்த மலரை வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறார். அக்கா கேட்டார். யாரிடம் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழுத்தாளன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கோப்பு அனுப்பியவன். எனக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். எந்தச் செய்தியும் தலைப்போடு தொடங்கும்: அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், உள்ளே என்ன. பிறகு உடல். கடைசியில் வால், அதில் மொத்தம் எத்தனை என்ற கணக்கு. ஆகவே அனுப்புகிறவன் செல்வம், கப்பல் முகவர் கம்பெனியில் தகவல் தொடர்பு டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பெறுகிறவர் திரு. தனபாலன், அதே கம்பெனியில் பினாங்கு நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே இருப்பது ஒரு ரசீதின் கதை. கடைசியில் மூன்று கேள்விகள் வரும். நம் ஓய்வாளர் சங்க இதழின் ஆசிரியர் இடப் பற்றாக்குறை என்று வாலை வெட்டும் பழக்கம் உள்ளவர். மூன்று கேள்விகள் இல்லாவிட்டால் கட்டுரை முழுதாக வந்து சேரவில்லை என்று வாசகர்கள் புரிந்துகொள்ளவும்.

சுங்கை பாக்காப்பில் பிறந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு முடிந்ததும் ஜார்ஜ் டவுனில் கம்பெனியின் டெலெக்ஸ் அறையில் சேர்ந்தேன். அறைக்குப் பொறுப்பாளர் ஒரு சீனப் பெரியவர். ஒரு வருடத்தில் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். டெலெக்ஸில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எதிர்முனை இயந்திரம் தன் பெயரைத் தானே அடித்து அனுப்பும். செய்தியின் தொடக்கத்தில் ஒருமுறை அழுத்த வேண்டும், முடிவில் ஒருமுறை. முடிவில் பெயர் வராவிட்டால் நீ அனுப்பவில்லை. நீ அடித்தாய், அவ்வளவுதான். இரண்டும் வேறு. இதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். பிறகு டெலெக்ஸ் போய் மோடம் வந்தது. அவர் ஓய்வு பெற்றார். நான் மோடத்துக்கு மாறினேன். பயிற்சி இவ்வளவுதான்.

மோடத்தில் என்ன செய்தோம் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். இவர்கள் கைப்பேசியில் படத்தைத் தட்டுகிறார்கள், போய்விடுகிறது. எங்களுக்குப் போகாது.

ஒரு கப்பல் வருவதற்கு முன் அதில் இறங்கப்போகும் கொள்கலன்களின் பட்டியல் பினாங்குத் தீவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு வரும். அதை நாங்கள் கோப்பாக்கி, தொலைபேசிக் கம்பி வழியாகக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் யார்டுக்கு அனுப்புவோம். யார்டில் அதை அச்செடுத்து, எந்தப் பெட்டியை எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவு செய்வார்கள்.

கோப்பை மொத்தமாக அனுப்ப முடியாது. துண்டு துண்டாக வெட்டுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி. அடுத்தது துண்டின் எண். பிறகு நூற்று இருபத்தெட்டு எழுத்துகள். கடைசியில் ஒரு கூட்டல் எண். துண்டில் இருக்கும் எழுத்துகளையெல்லாம் எண்களாக்கிக் கூட்டினால் வரும் விடையின் கடைசிப் பகுதி அது. பெறுகிற இயந்திரமும் அதே கூட்டலைப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் ஒரே எழுத்தில் ‘சரி’ என்று பதில் அனுப்பும். ஒத்துப்போகாவிட்டால் ஒரே எழுத்தில் ‘மறுபடி’. வேறு பேச்சு கிடையாது. பசியாறிவிட்டாயா என்றுகூடக் கேட்காது.

சில நேரம் ‘சரி’ வழியிலேயே காணாமல் போகும். மழை பெய்தால் கம்பியில் இரைச்சல் வரும். அனுப்புகிற இயந்திரம் கொஞ்சம் காத்திருக்கும், பதில் வராது, அதே துண்டை மறுபடி அனுப்பும். பெறுகிற இயந்திரம் எண்ணைப் பார்க்கும். பதினெட்டாம் துண்டு, ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாவதாக வந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோபப்படாமல் மறுபடியும் ‘சரி’ என்று சொல்லும். பத்து முறை அனுப்பியும் பதில் வராவிட்டால் அனுப்புகிற இயந்திரம் இணைப்பை அறுத்துவிட்டுத் ‘தோல்வி’ என்று எழுதிவைக்கும். இந்த அளவுக்கு ஒழுங்காக நடந்துகொள்ளும் மனிதர்களை நான் நம் கம்பெனியில் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டுக்குச் சொல்லும் ‘சரி’ வேறு, முழுக் கோப்புக்குக் கொடுக்கும் ரசீது வேறு. ‘சரி’ என்றால் துண்டு என் கைக்கு வந்தது என்று பொருள். ரசீது என்றால் எல்லாத் துண்டையும் கம்ப்யூட்டரின் வட்டில் எழுதிவிட்டேன், எழுதியதைத் திரும்பப் படித்தேன், பெட்டிகளை எண்ணினேன், கடைசி வரியில் போட்டிருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறது, இனி இது என் பொறுப்பு என்று பொருள். யார்டு கம்ப்யூட்டர் ரசீதை அனுப்பும் அதே நேரத்தில் அதன் திரையில் ‘கம்ப்ளீட்’ என்று வரும். நிரலில் இரண்டும் ஒரே வரி.

பட்டியலின் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். முதலில் சாதாரணச் சரக்குப் பெட்டிகள். அமிலம், எரியும் பொருள் போன்ற ஆபத்தான சரக்குகள் தனி இடத்துக்குப் போவதால் எப்போதும் பட்டியலின் அடியில் வரும். அதற்கும் கீழே மொத்தம் வரி.

சரோஜா அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோப்பு வந்து, அச்செடுத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணி முடித்தவுடன் எனக்குப் போன் செய்வார்.

“எத்தனை?”

“முப்பத்தெட்டுக்கா.”

“முப்பத்தெட்டு. வச்சிர்றேன்.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு கப்பலுக்கு ஒரு முறை. அவர் எண்ணியதை முதலில் சொல்லமாட்டார். நான் சொன்ன பிறகுதான் சொல்வார். முதலில் அவர் சொன்னால் நான் ஆமாம் போட்டுவிடுவேனாம். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அக்கா, மெஷினே எண்ணிப் பாத்துட்டுதானே ரசீது குடுக்குது?”

“மெஷின் எண்ணுச்சு. சரி. நான் எண்ண வேணாமா? சம்பளம் மெஷினுக்கா குடுக்குறாங்க?”

“அதுக்கு ஏன் எனக்குப் போன்?”

“பினாங்குல ஏர்கான் போட்டு ஒக்காந்திருக்கீங்கல்ல, எண்ணத் தெரியுதான்னு பாக்குறேன் லா.”

ஆறு வருடம் இப்படி நடந்தது. ஒருமுறைகூட எண்ணிக்கை மாறவில்லை. அதனால் இந்தப் பழக்கம் வீண் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

திரு. தனபாலன் நிர்வாகியாக வந்தது அப்போதுதான். அவரைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். கெட்டிக்காரர். சத்தம் போடமாட்டார். யாரையும் ‘நீ வா போ’ என்று பேசமாட்டார். சட்டை மடிப்புக் கலையாது. அவர் உத்தரவு தரும் விதம் தனி. தன் அறைக்குக் கூப்பிடமாட்டார். நம் மேசைக்கு வருவார். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, முதுகுச் சட்டத்தில் ஒரு கையை வைப்பார். நாம் திரும்பிப் பார்த்தால் கழுத்து வலிக்கும், அதனால் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். சொல்லி முடித்ததும் “ஓகே லா?” என்பார். அது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலுக்கு நிற்கமாட்டார். பதினோரு வருடத்தில் அவர் கைப்பட எழுதிய உத்தரவு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எதற்கும் ரசீது தராத மனிதர்.

கோலாலம்பூர் தலைமையகத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். எந்தக் கிளை கோப்பு அனுப்பி எவ்வளவு நேரத்தில் ரசீது வாங்குகிறது என்ற பலகை. கிள்ளான் கிளை எங்களைவிடப் பாதி நேரத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களிடம் புது இயந்திரம். பட்டர்வொர்த்தில் இருந்தது பழைய இயந்திரம். வட்டில் எழுதி, திரும்பப் படித்து, எண்ணி முடிக்க நேரம் எடுக்கும்.

ஒரு காலையில் கை நாற்காலிக்கு வந்தது.

“செல்வம், துண்டு எல்லாம் வந்திருது. கூட்டல் எல்லாம் ஓகே. அதுக்கப்புறம் ஏன் இவ்ளோ நேரம்?”

“எழுதிட்டு எண்ணுது சார்.”

“ரசீத முதல்ல அனுப்பட்டும். எண்ணுறத பின்னால எண்ணிக்கட்டும்.”

“எண்ணுறப்ப கொறைஞ்சா சார்?”

“இது வரைக்கும் எத்தன தரம் கொறைஞ்சிருக்கு?”

“கொறைஞ்சது இல்ல சார்.”

“பின்ன? ஓகே லா?”

“சார், எழுத்துல ஒரு வரி குடுத்திட்டீங்கன்னா—”

சிரித்தார். “ஏன் செல்வம், என்மேல நம்பிக்கை இல்லியா?”

நம்பிக்கை இல்லை. ஆனால் வேலை வேண்டியிருந்தது. ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய், யார்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நிரலில் ஒரே ஒரு வரியை நான்கு வரிக்கு மேலே தூக்கி வைத்தேன். பால் விடாத ஒரு தே ஓ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பின்னால் எண்ணிக்கை குறைந்தால் பிழைச் செய்தி ஒன்றைப் பதிவுக் கோப்பில் எழுதுமாறும் ஏற்பாடு செய்தேன். அந்தப் பதிவுக் கோப்பை அதே வட்டில் வைத்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

எந்த மாற்றம் செய்தாலும் நிரலில் யார், எதற்காக என்று ஒரு குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். ‘திரு. தனபாலன் சொன்னபடி’ என்று எழுதி, கீழே என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருந்தேன். அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பேனாவை எடுத்தார். தன் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். “பேரெல்லாம் எதுக்கு” என்றார். என் முதலெழுத்துகளின் மேல் கோடு போடவில்லை.

அந்த மாதப் பலகையில் பினாங்கு கிள்ளானைத் தாண்டியது. எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அடுத்தது போன். கூட்டத்தில் சொன்னார், எழுத்தில் இல்லை. “ரசீது குடுத்த பெறகு போன் போட்டு எத்தனைன்னு கேட்டா அந்த ரசீதுக்கு என்னா மரியாதை? மெஷின் மெஷின்கூட பேசிக்கிது. நமக்கு என்னா பேச்சு? இனிமே யார்டுலேருந்து எண்ணிக்கை கேட்டு போன் வரக்கூடாது. வந்தா சொல்லக்கூடாது.” சரோஜா அக்காவுக்கு நான்தான் தெரிவித்தேன்.

“அப்ப எண்ணத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டீங்க” என்றார். வைத்துவிட்டார்.

யார்டு கம்ப்யூட்டரின் வட்டில் பழைய கோப்புகளை அழித்து இடம் பண்ணுவது என் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபெர்ரி ஏறிப் போவேன். தலைமையகத்திலிருந்து இருவர் எங்கள் வேகத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் திரு. தனபாலன் என்னை எங்கும் போகவிடவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மேற்பார்வை பார்த்தேன். வெளிர்நீலம்.

வந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பு அனுப்பிக் காட்ட ஏற்பாடு. நான் நாற்காலியில். பின்னால் கையை வைத்துக்கொண்டு திரு. தனபாலன். அவர் பக்கத்தில் விருந்தாளிகள். கோப்பை அனுப்பினேன். துண்டுகள் போயின. கடைசித் துண்டுக்குச் ‘சரி’ வந்தது. அதே மூச்சில் ரசீதும் வந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்.

பட்டர்வொர்த்தில் நடந்தது இது. துண்டுகள் எல்லாம் பழுதில்லாமல் வந்தன. ரசீது புறப்பட்டுப் போனது. திரையில் ‘கம்ப்ளீட்’ வந்தது. பிறகு இயந்திரம் நிதானமாக வட்டில் எழுதத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வட்டு நிரம்பிவிட்டது. கோப்பின் வால் எழுதப்படவில்லை. வட்டு நிரம்பிவிட்டது என்ற பிழைச் செய்தியை எழுதவும் வட்டில் இடமில்லை.

போன் அடித்தது. எடுத்தேன்.

“தம்பி, மொத்தம் வரி வரல. எத்தனை?”

“அக்கா, ரசீது வந்திருச்சுக்கா.”

“ரசீத நீயே வச்சுக்க. எத்தனைன்னு சொல்லு. ஒரு வார்த்த.”

“பிரிண்டர் கடைசி வரிய முழுங்கியிருக்கும். பேப்பர ஏத்தி விட்டுப் பாருங்க.”

“ஏத்திப் பாத்துட்டேன். எனக்கு நாப்பத்து நாலு. ஒனக்கு?”

அவர் தன் எண்ணை முதலில் சொன்னது அந்த ஒரு முறைதான். என் திரையின் வலது மூலையில் எண்ணிக்கை இருந்தது. கண்ணை அந்தப் பக்கம் திருப்பவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டியிருக்கும். நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் இருந்த கை ஒருமுறை அழுத்தியது.

“கம்ப்ளீட்னு வந்திருக்கா இல்லியா?”

“வந்திருக்கு.”

“அப்ப சரிதாங்க்கா. ஆளுங்க இருக்காங்க. வச்சிர்றேன்.”

விருந்தாளிகளை நாசி கண்டார் சோறு சாப்பிடக் கூட்டிப் போனோம். காடியை ஓட்டியது நான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அறையில் யாருமில்லை. திரையின் மூலையைப் பார்த்தேன். நாற்பத்தேழு. யார்டுக்குப் போன் போட்டேன். தொடர்பில் இருப்பதாகவே சத்தம் வந்தது. பத்து முறைக்கு மேல் போட்டிருப்பேன். அந்த நேரத்தில் அவர்கள் அந்தப் போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் அன்று மதியமே இறக்கத் தொடங்கியிருந்தது. குறைந்த மூன்று பெட்டிகளும் பட்டியலின் அடியில் இருந்தவை. அமிலம். பட்டியலில் இல்லாத பெட்டி வந்தால் பொது வரிசையில் வைத்துவிட்டுத் தாள் வரும்வரை காத்திருப்பது யார்டு வழக்கம். அப்படியே வைத்தார்கள். எச்சரிக்கை ஒட்டுத்தாள் ஒரு பக்கத்தில் உரிந்துபோயிருந்தது. மற்றப் பக்கம் பக்கத்துப் பெட்டியோடு ஒட்டி நின்றது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காதர் ஒரு பெட்டியின் கதவுக்கடியில் ஈரத்தைப் பார்த்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, சரக்கு கெட்டுவிடும் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். உள்ளே பீப்பாய் ஒன்று சாய்ந்திருந்தது.

இரண்டு கையும் வெந்தன. இடது கண் போனது. மருத்துவமனையில் பார்க்கப் போனேன். “செல்வண்ணே, அக்கா பேப்பர்ல அமிலம்னு இருந்தா நான் கிட்ட போயிருப்பேனா? அக்கா பேப்பர்ல இல்ல. அதான் தொறந்தேன்” என்றார். அக்கா தாள் அந்த அளவுக்கு நம்பிக்கையான தாள்.

விசாரணை எங்கள் அலுவலகத்தில் நடந்தது. வெளிர்நீல அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் திரு. தனபாலனும் தலைமையகத்து ஆள் ஒருவரும். இந்தப் பக்கம் சரோஜா அக்காவும் நானும். அக்கா அன்றைய அச்சுத்தாளைக் கொண்டுவந்திருந்தார். நாற்பத்து நான்கு பென்சில் புள்ளிகள். அடியில் பென்சிலில் எழுதியிருந்தார்: ‘மொத்தம் வரி இல்லை. போன் செய்தேன். செல்வம் சரி என்றார்.’

திரு. தனபாலன் தாளை வாங்கிப் பார்த்தார். “பென்சில்ல யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எழுதலாம்” என்று தலைமையகத்து ஆளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“செல்வம், நீங்க அனுப்புன கோப்புல எத்தனை?”

“நாப்பத்தேழு சார்.”

“ரசீது வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“அன்னைக்கு யார்டுலேருந்து எண்ணிக்கை கேட்டு ஒங்களுக்குப் போன் வந்துச்சா?”

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. போனில் “எத்தனை?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாரே, அதே மாதிரி காத்திருந்தார்.

“ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம் கவனக்குறைவு என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் மட்டும் திரு. தனபாலன் கையெழுத்துப் போட்டார். என்னை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் பட்டர்வொர்த் போய், நான்கு வரிக்கு மேலே தூக்கிய வரியைப் பழைய இடத்தில் இறக்கிவைக்கச் சொன்னார். அதையும் வாயால்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். மோடம் போனது. தனிக் கம்பி வந்தது, இணையம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். துண்டு, எண், கூட்டல், ரசீது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வட்டில் எழுதி எண்ணாமல் ரசீது கொடுக்காதே என்று சொன்னேன். ஏன் என்று ஒருவர் கேட்டார். அப்படித்தான் விதி என்றேன்.

அன்றைய அனுப்பல் பதிவை எடுத்து வைத்திருந்தேன். வெப்பத்தாளில் அச்சடித்தது. இப்போது வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. கெடாமல் இருப்பது நிரலின் அச்சுப்படி. அதில் மாற்றம் செய்த வரி இருக்கிறது, கோடு போட்டு அடித்த பெயர் இருக்கிறது, அடிக்காத என் முதலெழுத்துகள் இருக்கின்றன. கோட்டின் மை ஊறிப் பரவியதால் அடித்த பெயரை இப்போது யாராலும் படிக்க முடியாது. ஆக என்னிடம் உள்ள ஒரே சான்று எனக்கு எதிரான சான்று.

நினைவு மலர் எனக்கும் வந்தது. முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். மறுநாள் காலையில் பஸ் பிடித்து ஜெலுத்தோங் போனேன். விசாரணைக்குப் பிறகு நான் சரோஜா அக்காவைப் பார்த்ததே இல்லை. பாசாரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கீரைக் கட்டு இன்னும் கையில் இருந்தது. எழுபது தாண்டிவிட்டது, கண்ணாடி தடித்திருக்கிறது. வாசலில் நின்ற என்னை அடையாளம் தெரிந்துகொள்ள நேரம் எடுக்கவில்லை.

“என்னா தம்பி, எண்ணிக்கை சொல்ல வந்தியா?”

“நாப்பத்தேழுக்கா.”

“லேட்டு லா” என்றார். “உள்ள வா.”

மலர் அவர் வீட்டு மேசையிலும் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் கொண்டுவந்து காட்டினாராம். ‘இது நீங்கதானே’ என்று கேட்டாராம்.

“என்ன சொன்னீங்க?”

“நாந்தான்னு சொன்னேன். வேற என்னா சொல்றது? போன் பண்ணேன்னு சொல்லணும்னா, எடுத்தவன் ஆமான்னு சொல்லணும்ல.”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

“சங்க இதழ்ல எழுதப்போறேன்க்கா. தனபாலன் சொல்றது பொய்யின்னு.”

“அவரு சொன்னது மட்டும்தானா?”

“இல்லக்கா.”

“அப்ப முழுசா எழுது. ஒன் பங்கையும் போடு. வால வெட்டிட்டு அனுப்புனேன்னா நான் ரசீது தரமாட்டேன்.”

ஆகவே என் பங்கு இது. வரியை மாற்றியது என் கை. வட்டைக் காலி செய்யாமல் விட்டது நான். எண் திரையில் இருந்தும் பார்க்காதது நான். போன் வந்தது. எடுத்தது நான். ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். அன்றைக்கும் ஞாபகம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. காதர் இதைப் படித்தால் என்னைத் தேடி வரலாம். முகவரி மாறவில்லை.

எழுதி முடித்ததைச் சென்ற வாரம் ஜெலுத்தோங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார். பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்தார்.

“கேள்வி எத்தனை?”

“மூணுக்கா.”

“மூணு. அனுப்பு.”

திரு. தனபாலன் அவர்களே, அனுப்புகிறேன்.

ரசீது அனுப்பும் வரியை எண்ணும் வரிக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னது யார்?

யார்டிலிருந்து எண்ணிக்கை கேட்டுப் போன் வந்தால் சொல்லக்கூடாது என்று கூட்டத்தில் சொன்னது யார்?

அன்று மதியம் போனை எடுத்து நான் ‘அக்கா’ என்று சொன்னபோது என் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் இருந்தது யார் கை?

மொத்தம் மூன்று. இரண்டுக்கு மட்டும் பதில் வந்தால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வேன். பதில் வராவிட்டால் இதையே அடுத்த இதழுக்கும் அனுப்புவேன், அதற்கடுத்த இதழுக்கும். எங்கள் தொழிலில் பத்து முறை அனுப்பலாம். இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதுவரை என் உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பதிலை இதே இதழில், எல்லாரும் படிக்கும்படி, உங்கள் கைப்பட எழுதி, உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். பெயரின் மேல் கோடு போடாதீர்கள். ‘ஓகே லா’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.